எந்தக் கல்லூரி என்று கேட்பதற்கு முன், வீட்டுக் கணக்கைப் பிள்ளையிடம் காட்டுங்கள்



மாதாவின் வணக்க மாதமாகிய இம்மாதத்தில், ஒன்ராறியோவில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் செபமாலையோடு ஒரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. பல்கலைக்கழக அனுமதிகள் வந்துவிட்டன. ஜூன் மாதத் தொடக்கத்தில் பதில் சொல்லியாக வேண்டும். வணிகம் படிக்க விரும்பும் பிள்ளை நல்ல புள்ளிகளும் பெற்றிருந்தால், பெரும்பாலும் இறுதியில் இரண்டு பெயர்கள் எஞ்சி நிற்கின்றன. ஒன்று, லண்டன் நகரிலுள்ள வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஐவி வணிகக் கல்லூரி. (இங்கிலாந்தின் லண்டன் அன்று, 401 நெடுஞ்சாலையில் ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர் மேற்கே உள்ள நம் மாகாணத்து லண்டன்.) மற்றையது, ரொறன்ரோவிலேயே யோர்க் பல்கலைக்கழகத்தின் ஷூலிக் வணிகக் கல்லூரி. "சுவாமி, இரண்டிலும் இடம் கிடைத்திருக்கிறது. எது நல்லது?" என்று திருப்பலி முடிந்த பின் கோவில் வாசலில் கேட்கிறார்கள். வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய பதில் அன்று என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டும் நல்ல கல்லூரிகளே. ஆனால் "எது நல்லது" என்ற கேள்விக்கு முன்னதாக வீட்டில் நடைபெற வேண்டிய ஒரு காரியம் நம் குடும்பங்களில் பெரும்பாலும் நடைபெறுவதில்லை. குடும்பத்தின் உண்மையான பணநிலையைப் பிள்ளையின் முன் விரித்து வைப்பதே அந்தக் காரியம். அதைச் செய்யாமல் எடுக்கப்படும் தெரிவு, பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் எடுக்கப்படும் தெரிவாகவே இருக்கும்.

முதலில் இவ்விரு கல்லூரிகளையும் பற்றிச் சில வார்த்தைகள். பெற்றோரில் பலர் இவற்றைப் பெயரளவிலேயே அறிந்திருக்கிறார்கள்.

ஷூலிக் 1966இல் தொடங்கப்பட்டது. அங்கே பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து நேரடியாக வணிக நிர்வாக இளமாணிப் பட்டப்படிப்பில் சேர்ந்து, நான்கு ஆண்டுகளும் அதே கல்லூரியின் மாணவராக இருக்கிறார். கணக்கியல், நிதியியல், சந்தைப்படுத்தல் போன்ற துறைகளில் ஒன்றைச் சிறப்பாகக் கற்க இடமுண்டு. பட்டயக் கணக்காளராக வர வேண்டும் என்ற எண்ணம் இப்போதே தெளிவாக உள்ள பிள்ளைக்கு இந்த அமைப்பு வசதியானது. 2017 டிசம்பரில் சுரங்க ரயில் யோர்க் பல்கலைக்கழகம் வரை நீட்டப்பட்டபின், வீட்டிலிருந்தே போய் வருவது முன்னரைவிட எளிதாகிவிட்டது. ஆயினும் ஸ்காபரோவிலிருந்து செல்லும் பிள்ளைக்குப் பேருந்தும் ரயிலும் மாறிப் போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். திரும்பி வரவும் அவ்வளவு நேரமாகும். நான்கு ஆண்டுகள் நாள்தோறும் இவ்வாறு செலவாகும் நேரமும் ஒரு விலையே.

ஐவியின் அமைப்பு வேறு. அங்கே முதல் இரண்டு ஆண்டுகள் பிள்ளை ஐவியில் படிப்பதில்லை. வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலேயே பொருளியலோ, சமூக விஞ்ஞானமோ, பொறியியலோ வேறொரு துறையில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில்தான் ஐவிக்குள் நுழைகிறார். பள்ளிப் பருவத்திலேயே தரப்படும் முன்னனுமதி என்பது ஒரு நிபந்தனையோடு கூடிய வாக்குறுதியே. அந்த இரண்டு ஆண்டுகளிலும் குறிப்பிட்ட சராசரியைப் பேண வேண்டும்; குறிப்பிட்ட வணிகப் பாடமொன்றில் தேற வேண்டும். அனுமதிக் கடிதம் வந்த அன்றே "பிள்ளை ஐவியில்" என்று உறவினருக்கெல்லாம் அறிவித்துவிடும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். நிபந்தனையை நிறைவேற்ற இயலாது போனால், தான் தொடங்கிய துறையிலேயே பட்டத்தை முடிக்கும் நிலை பிள்ளைக்கு ஏற்படலாம். ஆகவே, "ஐவி கிடைக்காவிட்டாலும் இந்த முதற்பாடத்தை நான் விரும்பிப் படிப்பேனா?" என்று பிள்ளை இன்றே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மறுபுறம், வணிகத்தோடு பொறியியல் அல்லது சட்டம் போன்ற இன்னொரு பட்டத்தையும் சேர்த்துப் பெறும் வழி அங்கே நன்றாக அமைந்திருக்கிறது. என்ன ஆவது என்று இன்னும் முடிவு செய்யாத பிள்ளைக்கு அந்த இரண்டு ஆண்டுகள் வீணான காத்திருப்பு ஆகமாட்டா. சிந்திப்பதற்குக் கிடைக்கும் அவகாசமாக அமையும்.

கற்பிக்கும் முறையிலும் பெரிய வேறுபாடு உண்டு. ஷூலிக்கில் விரிவுரை, குழுவேலை, நிறுவன ஆய்வு ஆகிய யாவும் கலந்து வரும். ஐவியில் பாடம் பெரும்பாலும் 'கேஸ்' முறையில் நடைபெறுகிறது. ஒரு நிறுவனத்தின் முகாமையாளர் எதிர்கொண்ட உண்மைச் சிக்கலொன்று பல பக்கங்களில் தரப்படும். மாணவர் அதை முன்னரே படித்து, "அந்த இடத்தில் நானாக இருந்தால் என்ன செய்வேன்" என்று முடிவெடுத்துக்கொண்டு வகுப்புக்கு வர வேண்டும். வகுப்பில் ஆசிரியர் பேசுவது குறைவு. மாணவர் கையுயர்த்திப் பேசுவதும், ஒருவர் கருத்தை மற்றவர் மறுப்பதுமே பாடம். அவ்வாறு பேசுவதற்கென்றே புள்ளிகள் உண்டு.

நம் பிள்ளைகளுக்கு இது சிறிய விடயமன்று. "பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே" என்று சொல்லி வளர்க்கிறோம். நல்ல பிள்ளை என்றால் அமைதியான பிள்ளை என்பது நம் வழக்கு. அப்படி வளர்ந்த பிள்ளை, எழுபது எண்பது பேர் சுற்றி அமர்ந்திருக்கும் வகுப்பில் முந்திக்கொண்டு பேசினால்தான் புள்ளி என்ற நிலைக்குள் போகிறது. சில பிள்ளைகள் அங்கேதான் தம் குரலைக் கண்டெடுப்பார்கள். வேறு சிலர் ஒவ்வொரு காலையும் அச்சத்தோடு எழுவார்கள். எவர் எந்த வகை என்பதைப் பெற்றோராலும் என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிள்ளையால் ஓரளவு சொல்ல முடியும். ஆகவே வாய்ப்புக் கிடைத்தால் இரு இடங்களுக்கும் ஒருமுறை போய், வகுப்பொன்றில் அமர்ந்து பார்த்துவிட்டு வரட்டும். விளம்பர ஏடுகள் பத்தைப் படிப்பதைவிட அந்த ஒரு மணி நேரம் அதிகம் கற்பிக்கும்.

இவற்றையெல்லாம் கேட்ட பின்பும், "சரி சுவாமி, ஆனால் எதற்குப் பெயர் அதிகம்?" என்ற கேள்வி திரும்பவும் வருகிறது. அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதை நாம் நேர்மையோடு பார்க்க வேண்டும்.

இன்று பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் பெற்றோர் பலரும், அவர்களுடைய அண்ணன்மார் அக்காமாரும், இலங்கையில் மிக ஒடுங்கிய வாசலைக் கண்டவர்கள். 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், தமிழ் மாணவர் பலருக்குப் பல்கலைக்கழகக் கதவை முகத்துக்கு நேரே சாத்தியது. அதன்பின் போர். உயர்தரத்தில் ஓரிரு புள்ளிகள் ஒருவரின் வாழ்வையே திசைமாற்றின. அந்த உலகில், எந்த வாசலுக்குள் நுழைகிறோம் என்பதே எல்லாமாக இருந்தது. கணிதம், உயிரியல் ஆகியவற்றுக்குப் பின்னரே வர்த்தகப் பிரிவு என்ற படிவரிசையும் அங்கேதான் நம் மனத்தில் பதிந்தது. அதனால், பிள்ளை வணிகம் படிக்கிறது என்று சொல்ல நேரும்போது, அதை ஈடுசெய்யப் பெரிய பெயரொன்று வேண்டும் என்று உள்மனம் தேடுகிறது. இது குற்றமன்று, காயத்தின் தழும்பு. ஆனால் நம் காயத்துக்குப் பிள்ளையின் தெரிவு மருந்தாக முடியாது. அங்கே ஒரு வாசலுக்கு நூறு பேர் காத்து நின்றார்கள். இங்கே உங்கள் ஒரு பிள்ளைக்கு இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன. அந்த அச்சத்தை இந்த நிலைமைக்குள் கொண்டுவர வேண்டியதில்லை.

பெயரால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. முதலீட்டு வங்கிகளும் ஆலோசனை நிறுவனங்களும் ஐவி மாணவரை ஆவலோடு தேடி வருகின்றன என்பது ஊரறிந்தது. ஷூலிக் மாணவரும் ரொறன்ரோவின் வங்கிகளிலும் கணக்கியல் நிறுவனங்களிலும் நிறைந்திருக்கிறார்கள். இரண்டு பெயர்களும் நேர்முகத் தேர்வு வரை கொண்டு சேர்க்கக்கூடியவை. அதற்குப் பின் பெயருக்கு வேலை குறைவு. பிள்ளையின் உழைப்புக்கும் நேர்மைக்கும்தான் வேலை.

இனிப் பணத்துக்கு வருவோம். இன்றைய நிலையில், ஒன்ராறியோ மாணவர் ஒருவருக்கு ஷூலிக்கில் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 டொலர். நான்கு ஆண்டுக்கு 40,000 என்று வைத்துக்கொள்ளலாம். வெஸ்டர்னில் முதல் இரண்டு ஆண்டுகள் பொதுவான கலைத்துறையொன்றில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000. பின்னர் ஐவியில் இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000. மொத்தம் 62,000 அளவில் வரும். கட்டணத்தில் மட்டும் வேறுபாடு 22,000.

ஆனால் பெரிய வேறுபாடு கட்டணத்தில் இல்லை. லண்டனில் முதலாண்டு விடுதி அறையும் உணவும் சேர்ந்து 15,000 டொலரைத் தாண்டும். அடுத்த ஆண்டுகளில் வெளியே அறை எடுத்தால், படிப்பு எட்டு மாதமாயினும் வீட்டுக்காரர் பெரும்பாலும் 12 மாதத்துக்கு வாடகை ஒப்பந்தம் கேட்பார். உணவு, போக்குவரத்து எல்லாம் சேர்த்தால் நான்கு ஆண்டுகளில் வாழ்க்கைச் செலவு மட்டும் 50,000 டொலரை எளிதில் எட்டிவிடும். கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கும் குடும்பங்கள் இந்தப் பெரிய எண்ணைக் காணத் தவறுகின்றன. வீட்டிலிருந்து யோர்க்குக்குப் போய்வரும் பிள்ளைக்கு இந்தச் செலவில் பெரும்பகுதி இல்லை. ஷூலிக்கில் சேர்ந்தும் வளாகத்துக்கு அருகே அறை எடுத்துத் தங்கினால், அந்த மிச்சமும் கரைந்துவிடும்.

இந்த எண்கள் ஒரு குடும்பத்துக்குச் சிறியவை. இன்னொரு குடும்பத்துக்கு மலை. உங்கள் குடும்பம் எது என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா? இதைக் கேட்கவே இப்பதிவை எழுதத் தொடங்கினேன்.

"நீ படி ராசா, காசைப் பற்றி யோசிக்காதே. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." நம் வீடுகளில் இதைவிட அன்பான வாக்கியம் இல்லை. இரவுவேலை செய்துவிட்டு வந்து காலையில் இரண்டாம் வேலைக்குப் போகும் தந்தை இதைச் சொல்கிறார். முழங்கால் வலியோடு தொழிற்சாலையில் நிற்கும் தாய் இதைச் சொல்கிறார். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் நடப்பதையும் காண்கிறேன். வீட்டின் மேல் இன்னொரு கடன் எடுக்கப்படுகிறது. சீட்டு முன்கூட்டியே கழித்து எடுக்கப்படுகிறது. வங்கியில் பிள்ளையின் பெயரில் எடுக்கும் கடனுக்குத் தந்தை பிணை நிற்கிறார். பிள்ளைக்கு எதுவும் தெரியாது. தெரியாத பிள்ளை, மாதக் கணக்கில் நண்பர்களோடு வெளியே உணவுண்டு மகிழ்கிறது; அதைக் கேள்விப்படும் தாயின் மனம் கசக்கிறது. மூன்றாம் ஆண்டில் ஒருநாள், கோபத்தில், "உனக்காக நாங்கள் பட்ட பாடு தெரியுமா?" என்ற சொல் வெடிக்கிறது. அன்றைக்குத்தான் பிள்ளை முதன்முறையாகக் கணக்கைப் பார்க்கிறது. அதுவும் குற்றப்பத்திரிகையாக.

வணிகக் கல்லூரியின் முதலாண்டிலேயே பிள்ளைக்கு ஐந்தொகையை வாசிக்கக் கற்பிப்பார்கள். சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு, எஞ்சுவது எவ்வளவு என்று முன்பின் அறியாத நிறுவனங்களின் கணக்கையெல்லாம் அது படிக்கும். தன் வீட்டின் ஐந்தொகையை மட்டும் ஒருபோதும் பார்த்திராது. இது பொருந்தாத காரியம் அல்லவா?

ஆகவே என் வேண்டுகோள் இது. பதிலனுப்பும் நாளுக்கு முன்னர் ஒரு மாலைநேரத்தில், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, கைபேசிகளை அப்பால் வைத்துவிட்டு, மேசையில் அமருங்கள். ஒரு தாளில் எழுதுங்கள். மாதம் எவ்வளவு வருகிறது, வீட்டுக்கடனுக்கு எவ்வளவு போகிறது, ஊருக்கு எவ்வளவு அனுப்புகிறோம், தம்பி தங்கைக்கு இன்னும் என்ன இருக்கிறது. பிள்ளையின் கல்விச் சேமிப்புக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது. (அதில் ஆண்டுக்கு 2,500 டொலர் வரை இட்டவர்களுக்கு அரசு 20 வீதம், அதாவது 500 டொலர் வரை சேர்த்திருக்கும், ஒரு பிள்ளைக்கு மொத்தம் 7,200 டொலர் வரை. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு, பெற்றோர் எதுவும் இடாவிட்டாலும் 2,000 டொலர் வரை தரும் கனடாக் கல்விப் பத்திரமும் உண்டு. அதை இதுவரை பெறாதவர், 18 வயதானபின் 21 வயதை எட்டுவதற்கு முன்னர் தாமே விண்ணப்பிக்கலாம். தகுதியிருந்தும் பலர் கேட்காமல் விடுகிறார்கள்.)

பின்னர் மாணவர் கடனைப் பற்றிப் பேசுங்கள். அரச மாணவர் கடனும் வங்கிக் கடனும் ஒன்றல்ல. மத்திய அரசின் பங்குக்கு 2023 ஏப்ரல் முதல் வட்டி இல்லை. மாகாணத்தின் பங்குக்குப் படிப்பு முடிந்தபின் வட்டி உண்டு. வங்கிக் கடனுக்கோ பணத்தை எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். இந்த வேறுபாட்டைப் பிள்ளை கையொப்பமிடுவதற்கு முன் அறிந்திருக்க வேண்டும். "இவ்வளவு நாங்கள் மகிழ்ச்சியோடு தருவோம், இதற்கு மேல் வருவதை நீ கடனாகச் சுமக்க வேண்டியிருக்கும்" என்று தெளிவான எண்ணைச் சொல்லுங்கள். சொன்ன எண்ணை மூன்று ஆண்டுகளுக்குப் பின் சொல்லிக்காட்டாதீர்கள்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழுவதை அறிவேன். முதலாவது: "பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஏன் இந்தப் பாரம்? கணக்கைக் காட்டினால் எங்கள் மேல் இரக்கப்பட்டு, தான் விரும்பியதை விட்டு, மலிவானதைத் தெரிந்துவிடும்." இது உண்மையான அச்சம். சில பிள்ளைகள் அப்படிச் செய்யவும் கூடும். ஆனால் இரக்கத்தால் எடுத்த முடிவா, தெளிவால் எடுத்த முடிவா என்று அறிய வழி இருக்கிறது. "இரு இடத்துக்கும் செலவு ஒன்றேயானால் எதைத் தெரிவாய்? ஏன்?" என்று கேளுங்கள். காரணம் உறுதியாக இருந்தால், அந்தக் காரணம் மேலதிகச் செலவுக்குப் பெறுமதியானதா என்று சேர்ந்து எண்ணுங்கள். பெறுமதியானது என்றால் துணிந்து அனுப்புங்கள். "எல்லாரும் அங்கேதான் போகிறார்கள்" என்பதே காரணமாயின், அப்போது பிள்ளைக்கே அது விளங்கிவிடும். உண்மையை அறிந்தபின் வரும் பாரத்தைப் பதினெட்டு வயது தாங்கும். மறைத்து வைத்த பாரம்தான் பின்னர் உறவை முறிக்கிறது.

இரண்டாவது மறுப்பு: "ஐவி முடித்தால் கிடைக்கும் சம்பளத்தில் கடனை ஓரிரு ஆண்டில் அடைத்துவிடலாம்." அடைத்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆயினும் அந்தச் சம்பளம் எந்த வேலைக்கு என்பதையும் கேட்க வேண்டும். நள்ளிரவு தாண்டியும் முடியாத வேலைநாட்களைக் கொண்ட துறைகள் அவை. அந்த வாழ்வை விரும்பும் பிள்ளைக்கு அது நன்று. ஆனால் பெருங்கடனோடு வெளியே வரும் பிள்ளைக்கு, விரும்பாவிட்டாலும் அதுவே வழியாகிவிடும். தொழில் தொடங்க, சிறிய நிறுவனமொன்றில் சேர, ஆசிரியராக, தொண்டு நிறுவனத்தில் பணியாற்ற, ஏன், குருத்துவத்தையோ துறவறத்தையோ எண்ணிப் பார்க்கக்கூட அதற்கு அவகாசம் இராது. கடன் என்பது எதிர்காலத் தெரிவுகளை முன்கூட்டியே விற்பது. தெரிந்து விற்பவர் வணிகர். தெரியாமல் விற்பவர் ஏமாந்தவர். லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்டத் தொடங்கி முடிக்க இயலாமற்போனவனைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். கோபுரம் கட்டுவதை அவர் தடுக்கவில்லை. முதலில் அமர்ந்து எண்ணிப் பார்க்கவே சொல்கிறார்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மகனுக்கு லண்டனில் இடம் கிடைத்தால் "போய் வா" என்கிறோம். அதே புள்ளிகளோடு மகளுக்குக் கிடைத்தால், "யோர்க்கும் நல்லதுதானே, வீட்டிலிருந்து போகலாமே" என்கிறோம். கணக்கைக் காரணம் காட்டி மகளை மட்டும் நிறுத்துவது கணக்கன்று, பாரபட்சம். பணம் போதாது என்றால் இருவருக்கும் போதாது. நம்பிக்கை இருந்தால் இருவர்மேலும் இருக்கட்டும். தொலைவு நம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்ற பேச்சும் முழு உண்மையன்று. வீட்டிலேயே இருந்தும் பெற்றோரோடு ஒரு வார்த்தை பேசாத பிள்ளைகள் உண்டு. இருநூறு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து நாள்தோறும் அழைக்கும் பிள்ளைகளும் உண்டு. ஆயினும், வீட்டில் நோயுற்றவர் இருந்தால், பாட்டியைப் பார்க்க வேறொருவர் இல்லையென்றால், அதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். அதுவும் குடும்பத்தின் ஐந்தொகையில் ஒரு வரியே.

வணிகம் படிப்பதைக் குறைவாக எண்ணும் பெரியவர்களுக்கு ஒரு செய்தி. கணக்கியல் மாணவர் இன்றும் கற்கும் இரட்டைப் பதிவு முறையை 1494இல் வெனிசில் அச்சிட்ட நூலில் விளக்கி உலகறியச் செய்தவர் லூக்கா பசியோலி. அவர் ஒரு பிரான்சிஸ்கன் துறவி. வெனிசு வணிகர் கையாண்ட முறையை அவர் ஒழுங்காக எழுதிவைத்தார். கணக்கை நேர்மையாக எழுதுவது துறவிக்கும் தகுந்த வேலை என்று அவர் கண்டார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991இல் எழுதிய சுற்றுமடலில், இலாபம் ஒரு நிறுவனம் நன்கு இயங்குவதன் அடையாளமாக இருக்கலாம், ஆனால் அதுவே அதன் ஒரே நோக்கமாகாது, நிறுவனம் என்பது மனிதர் கூடி வாழும் சமூகம் என்ற கருத்தை முன்வைத்தார். வணிகம் ஓர் அழைத்தலாகவும் இருக்கலாம். அதற்கேற்ற பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள்.

இனிப் பிள்ளைகளுக்கு.

புனித லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளில், தெரிவு செய்வது எவ்வாறு என்பதற்கே ஒரு பகுதி உண்டு. அவர் நன்மைக்கும் தீமைக்கும் இடையிலான தெரிவை அங்கே பேசவில்லை. இரண்டு நல்லவற்றுக்கு இடையே தெரிவதைப் பேசுகிறார். உங்கள் நிலைமையும் அதுவே. அவரிடமிருந்து மூன்று காரியங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, எது நோக்கம், எது வழி என்று பிரித்துப் பாருங்கள். கல்லூரி வழி. எத்தகைய மனிதராக வாழப்போகிறீர்கள் என்பது நோக்கம். கல்லூரியை முதலில் முடிவு செய்துவிட்டு வாழ்வை அதற்குள் திணிப்பது தலைகீழான வரிசை.

இரண்டு, முன்பின் அறியாத ஒருவர், உங்களைப் போன்ற புள்ளிகளோடும் உங்களைப் போன்ற குடும்பத்தோடும் வந்து உங்களிடம் அறிவுரை கேட்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவருக்கு என்ன சொல்வீர்கள்? நண்பர்களின் பேச்சும் மாமா சித்தப்பாவின் ஒப்பீடும் அந்த இடத்தில் கேட்காது. அவருக்குச் சொல்லும் அறிவுரையை நீங்களே பின்பற்றுங்கள்.

மூன்று, மாற்ற முடியாத தெரிவுகளையும் மாற்றக்கூடிய தெரிவுகளையும் அவர் வேறுபடுத்துகிறார். திருமணமும் குருத்துவமும் ஒருவகை. கல்லூரி மற்றவகை. ஷூலிக்கில் படித்தவர் பின்னர் ஐவியில் மேற்பட்டம் பெறலாம். ஐவியில் படித்தவர் வணிகத்தையே விட்டுவிடலாம். ஆகவே ஆழ்ந்து சிந்தியுங்கள், அஞ்சாதீர்கள். முடிவெடுத்தபின் விட்டுவந்த வாசலை ஓயாமல் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம்.

பெற்றோர் கணக்குத்தாளை உங்கள்முன் வைக்கும்போது, அதை மதிப்போடு வாங்கிப் படியுங்கள். அவர்கள் கையெழுத்தில் சில எண்கள் தடுமாறியிருக்கும். சில வரிகளை எழுத அவர்களுக்கு வெட்கமாக இருந்திருக்கும். உங்களுக்கு இதுவரை கிடைத்த எந்தப் புலமைப்பரிசிலையும்விட அந்தத் தாள் பெரிது. அதைப் பார்த்துவிட்டு முடிவை நீங்கள் எடுங்கள்; பெற்றோர் அதை ஏற்கட்டும். படிக்கப்போவதும் நாளை கடனைச் சுமக்கப்போவதும் நீங்கள்தான்.

இவ்விரண்டில் எதுவும் கிடைக்காத பிள்ளைகளும் இதைப் படிப்பீர்கள் என்று அறிவேன். லோரியேயில், மக்மாஸ்டரில், ஸ்காபரோவிலேயே உள்ள ரொறன்ரோப் பல்கலைக்கழக வளாகத்தில் முகாமைத்துவம் கற்று, சிறப்பாக வாழ்பவர்கள் நம் ஆலய இருக்கைகளில் உங்களுக்கு அருகேயே அமர்ந்திருக்கிறார்கள். ஞாயிறன்று அவர்களிடம் போய்ப் பேசுங்கள். நாணயமாகக் கணக்கெழுதும் ஒருவர் எங்கே படித்தார் என்று எந்த ஊரிலும் எவரும் நெடுநாள் கேட்பதில்லை.

அந்த மாலைநேரப் பேச்சை இந்த வாரமே வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும்போது ஒரு 'அருள்நிறை மரியே' சொல்லுங்கள். முடியும்போது, முடிவு எதுவாயினும், பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டு ஆசீர்வதியுங்கள்.

ஞானத்தின் இருப்பிடமாகிய அன்னை மரியாள் உங்கள் குடும்பங்களுக்காகப் பரிந்து பேசுவாராக. இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை